கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கம்பெனியும் ஜீவனாம்சக் கணக்கும்

"ஏனுங்க மேடம், கம்பெனில பாதிய எழுதிக் குடுக்கோணுங்களா?"

விவாகரத்து நோட்டீஸ் கைக்கு வந்ததும் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேர் வக்கீலைக்கூட இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் திருப்பூரில் ஆடிட்டர். இந்த ஊரில் பனியன் கம்பெனிக் கணக்கும் குடும்பக் கணக்கும் தனித்தனியாக என் மேசைக்கு வருவதில்லை. கம்பெனி செக் புத்தகமும் மனைவியின் நகைப் பெட்டியும் ஒரே பீரோவில் இருக்கும். கீழே தையல் யூனிட், மேலே வீடு. கல்யாணம் நன்றாக இருக்கும்வரை இதில் யாருக்கும் சிக்கல் தெரியாது. முறிகிற நாளில்தான் எது யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு பேப்பரிலிருந்தும் எழுந்து வரும்.

முதல் கேள்விக்குப் பதில்: எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கணவன் மனைவி சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொல்லும் பிரிவு எதுவும் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. அதன் 27-வது பிரிவு, கல்யாணத்தின்போதோ அதையொட்டியோ பரிசாக வந்து இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கல்யாணத்துக்கு முன் நீங்கள் தொடங்கிய தொழில், உங்கள் பெயரில், உங்கள் முதலில் நடந்தால் அது உங்களுடையது. மனைவி தொடங்கியிருந்தால் அது மனைவியுடையது. தாலி கட்டியதால் உரிமை கைமாறுவதில்லை.

இந்தப் பதிலைக் கேட்டதும் நிம்மதியாக எழுந்து போக நினைப்பவர்களை நான் உட்கார வைக்கிறேன். ஏனென்றால் நீதிமன்றம் தொழிலைப் பங்கு போடாது. தொழிலிலிருந்து வருகிற வருமானத்தைப் பார்க்கும். வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் வரும். வழக்கு முடியும்போது நிரந்தர ஜீவனாம்சம் 25-வது பிரிவில் வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக இருக்கிறது. அதில் ஆணையிட்ட தொகையைக் கட்டாவிட்டால் வாரன்ட் உண்டு, சிறையும் உண்டு. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை.

25-வது பிரிவில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி இருக்கிறது. தேவையானால் எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்றி ஜீவனாம்சத்துக்கு உத்தரவாதம் தேடிக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அது. கம்பெனிக் கட்டடம் உங்கள் பெயரில் இருந்தால் அதில் மனைவிக்குப் பங்கு இல்லை. ஆனால் ஜீவனாம்சம் அந்தக் கட்டடத்தின் மேல் ஏறி உட்காரலாம். அதன் பிறகு அதை வைத்து பேங்க்கில் கடன் கேட்டால் என்ன ஆகும் என்பதைத் தொழில் செய்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கிட்டா?" என்று மகனுக்குப் பெண் பார்க்கும் அப்பாக்கள் சிலர் இப்போது கேட்கிறார்கள். "எதிர்காலத்தில் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவதை நம் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. பொதுநலக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. கோவாவில் நிலைமை வேறு. போர்ச்சுகீசியர் காலத்து 1867 சிவில் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் வேறு விதமாக எழுதிப் பதிவு செய்யாவிட்டால் கணவன் மனைவி சொத்து அங்கே பொதுச் சொத்து.

கலிபோர்னியாவில் மகனோ மகளோ தொழில் நடத்தும் பெற்றோர் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கல்யாணத்துக்கு முந்தைய தொழில் தனிச் சொத்துதான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தொழில் வளர்ந்த வளர்ச்சியில், உரிமையாளரின் உழைப்பால் வந்த பகுதி தம்பதியின் பொதுச் சொத்து. அதைக் கணக்குப் போட இரண்டு பழைய தீர்ப்புகள் வழிகாட்டுகின்றன. 1909-ஆம் ஆண்டு பெரைரா வழக்கின் வழியில், ஆரம்ப முதலுக்கு நியாயமான வருமானத்தைத் தனிச் சொத்தாக ஒதுக்கி, மீதியைப் பொதுவாக்குவார்கள். 1921-ஆம் ஆண்டு வான் கேம்ப் வழக்கின் வழியில், உரிமையாளரின் உழைப்புக்கு நியாயமான சம்பளத்தைக் கணக்கிட்டு, அதில் குடும்பச் செலவு போக மிஞ்சுவதைப் பொதுவாக்கி, மற்றதைத் தனிச் சொத்தாக விடுவார்கள். முதலால் வளர்ந்ததா, உழைப்பால் வளர்ந்ததா என்று பிரித்துப் பார்க்கும் இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் எண்ணம். நம் சட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அதனால் வீட்டிலும் கம்பெனியிலும் உழைத்த மனைவியின் பங்கு நம் கணக்குப் புத்தகங்களில் எங்கும் பதிவாவதில்லை.

ஒரு கணக்கை விவரமாகச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவர் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முன் வாடகை ஷெட்டில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று சில மிஷின்களோடு ஆரம்பித்தவர். கல்யாணம் 2016 ஆவணியில். நோட்டீஸ் வந்த பிறகுதான் ஃபைல் என்னிடம் வந்தது. நான் முதலில் கேட்டது 2016 மார்ச் 31-ஆம் தேதி பேலன்ஸ் ஷீட். கல்யாணத்துக்கு முந்தைய கடைசிக் கணக்கு அது. கேபிடல் அக்கவுன்டில் 7,42,000 ரூபாய் நின்றது. மிஷின்களின் பில், ஷெட் வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருந்தன. அந்தத் தேதியில் தொழில் என்ன மதிப்பில் இருந்தது என்பதில் யாரும் கைவைக்க முடியாது. அந்த வகையில் அவர் ஒழுங்கானவர்.

அடுத்த ஆண்டு லெட்ஜரைப் புரட்டினேன். அக்டோபரில் "கேபிடல் இன்ட்ரொட்யூஸ்டு – 3,80,000" என்று ஒரு வரி. எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுல நகைய வெச்சமுங்க" என்றார். 22 பவுன். அடகு ரசீது மனைவி பெயரில். கூட்டுறவு பேங்க்கில் நகைக்கடன் எடுத்த அதே நாளில் அதே தொகை கம்பெனியின் கரன்ட் அக்கவுன்டில் வரவாகியிருக்கிறது. அந்தப் பணத்தில் வந்ததுதான் புது மிஷின்கள். நகையை மீட்க முடியாமல் இரண்டு வருஷம் கழித்து விற்றுக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு வரியில் மனைவியின் 22 பவுன் கணவனின் முதலாக மாறிவிட்டது. சட்டம் அப்படிப் பார்க்காது. பெண்ணுக்குப் பிறந்த வீடும் மற்றவர்களும் கொடுத்த நகை அவளுடைய சீதனம். கணவனுக்கு அதில் உரிமை கிடையாது. கஷ்ட காலத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம். திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கு ஒன்றில் இதை மறுபடியும் உறுதி செய்தது. 89 பவுன் நகையை இழந்த பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. நம் ஆளின் மனைவி ஜீவனாம்சத்தோடு சேர்த்து நகையையும் கேட்டிருந்தார். கேட்பதற்கு மனைவிக்கு முழு உரிமை உண்டு என்று கணவனிடமே சொன்னேன். 2016-இல் வைத்த 22 பவுனின் விலை இன்று அன்றைய கடன் தொகையைப் போலப் பல மடங்கு.

அந்த வரியை அன்றே எப்படி எழுதியிருக்க வேண்டும்? மனைவியின் பேங்க் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்குப் பணத்தை மாற்றி, பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தில், அவர் பெயரில், "அன்செக்யூர்ட் லோன்" என்று எழுதியிருக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. எழுதியிருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, மனைவிக்கும் பாதுகாப்பு. தன் முதல் எவ்வளவு, மனைவியிடம் வாங்கியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற கணக்குதான் கல்யாணத்துக்கு முந்தைய தொழிலை நிஜமாகக் காப்பாற்றும்.

இதே ஃபைலில் இன்னொன்றும் இருந்தது. நம் ஊரில் ரொம்பச் சாதாரணமான ஒன்று. வரி குறையட்டும் என்று மனைவிக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் எழுதி, அவர் பெயரிலும் ஐ.டி. ரிட்டன் போட்டிருந்தார்கள். பணம் மனைவி கணக்குக்குப் போகும். அடுத்த வாரமே ஏ.டி.எம். வழியாகக் கம்பெனிக்குத் திரும்பி வரும். ஏ.டி.எம். கார்டு கணவனிடம். இப்போது கோர்ட்டில் அவருடைய வக்கீல் மனைவியின் ரிட்டன்களைக் காட்டி, "இவருக்குத் தனி வருமானம் இருக்கிறது, ஜீவனாம்சம் தேவையில்லை" என்று வாதாட நினைத்தார்.

வேண்டாம் என்று தடுத்தேன். சம்பளம் உண்மை என்றால், அவர் இத்தனை வருஷம் கம்பெனியில் வேலை செய்தார் என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்; நோட்டீஸ் அனுப்பிய மாதத்திலிருந்து அந்தச் சம்பளம் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்து. பொய் என்றால், பொய்க் கணக்கு காட்டியதை வருமான வரித்துறைக்கும் நீதிபதிக்கும் ஒரே நேரத்தில் சொல்கிறீர்கள். தொழில்நுட்ப, தொழில்முறைத் தகுதி இல்லாத மனைவிக்குத் தன் நிறுவனத்திலிருந்து கொடுக்கும் சம்பளத்தைக் கணவனின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அடி. தவிர, சம்பாதிக்கும் திறமை இருப்பது வேறு, சம்பாதித்துக்கொண்டிருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லியிருக்கிறது. உண்மையில் அந்தப் பெண் செக்கிங், பேக்கிங் பார்த்தார், வார சம்பளம் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் நிஜ வேலை. கைக்கு வராதது சம்பளம் மட்டுமே.

தொழில் செய்பவருக்கு ஜீவனாம்சம் எப்படிக் கணக்காகிறது என்று கேட்பீர்கள். சம்பளக்காரர் விஷயத்தில், நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஆர். பானுமதி அமர்வு 2017-இல் ஒரு வழக்கில் சொன்னது. மாதம் 95,000 சொச்சம் சம்பளம் வாங்கியவர் கொடுக்க வேண்டிய தொகையை 23,000-லிருந்து 20,000 ஆகக் குறைத்த தீர்ப்பு அது. இதை எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று வெளியில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கணவனின் வருமானம், மனைவியின் வருமானம், வாழ்ந்த வாழ்க்கைத் தரம், குழந்தைகள், கல்யாணம் நீடித்த காலம், வேலையை விட்டுவிட்டுக் குடும்பம் பார்த்தாரா என்று பலவற்றையும் வைத்துத்தான் தொகை முடிவாகும்.

2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு இந்தத் துறையையே மாற்றியது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் கொடுத்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. தொழில் செய்பவர் என்றால் தனி உரிமையா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா, லாபத்தில் எவ்வளவு பங்கு, நிகர வருமானம் என்ன என்று எழுத வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதும் இதில்தான் தெளிவானது. வாய்தா வாங்கி இழுத்தால் பணம் மிச்சம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் இழுத்து, பிறகு மொத்த பாக்கியையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னால், தீபாவளி ஆர்டருக்கு நூல் வாங்க வைத்திருந்த பணம்தான் போகும்.

இங்கேதான் நான் அதிகம் வருத்தப்படும் விஷயம் வருகிறது. ரிட்டனில் வருஷ வருமானம் 4,80,000. கார் லோன் தவணை மட்டும் மாதம் 28,000. பிள்ளைகள் இன்டர்நேஷனல் ஸ்கூல். "ரிட்டன் காட்டறது அவ்வளவுதானுங்க, மீதி கச்சா பில்லுங்க" என்று கூச்சமே இல்லாமல் சொல்வார்கள். அதே ஆள் அதற்கு முந்தின வருஷம் பேங்க்கில் ஓ.டி. லிமிட்டை உயர்த்தக் கேட்டபோது, அடுத்த மூன்று வருஷத்தில் லாபம் இத்தனை லட்சம் என்று ப்ரொஜெக்ஷன் கொடுத்திருப்பார். சொத்து மதிப்புச் சான்றிதழும் வாங்கிக் கொடுத்திருப்பார். ஆடிட்டர் தரும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 2019 முதல் தனி எண் உண்டு, அது அழியாது. பேங்க் ஃபைலைக் கோர்ட்டுக்கு வரவழைக்க மனைவியின் வக்கீலுக்கு ஒரு மனு போதும். பேங்க்குக்கு ஒரு வருமானம், வரித்துறைக்கு ஒரு வருமானம், நீதிபதிக்கு மூன்றாவது வருமானம் என்று மூன்றும் ஒரே மேசையில் விரியும்போது, இருப்பதிலேயே பெரியதை நீதிபதி எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடன் தவணையைக் காட்டி வருமானத்தைக் குறைக்கும் வழியும் சுலபத்தில் எடுபடாது. தானாக விரும்பி வாங்கிய கடனின் தவணையைக் கழித்துவிட்டுத்தான் வருமானம் பார்க்க வேண்டும் என்பதைப் பல நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆனால் தொழிலின் நிஜமான சிரமங்களைச் சொல்வதற்கு வழி இருக்கிறது. பில் போட்டுத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருவது, எக்ஸ்போர்ட் ஆர்டர் நின்றுபோன பருவம், மிஷின் தேய்மானம் போக உண்மையில் கையில் நிற்பது எவ்வளவு என்பதையெல்லாம் மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட், ஜி.எஸ்.டி. ரிட்டன், பேங்க் ஸ்டேட்மென்ட் வைத்துக் காட்டினால் நீதிபதிகள் கேட்கிறார்கள். பின்னால் நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனு போடவும் 25-வது பிரிவு இடம் தருகிறது. உண்மைக் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் இந்த வழிகள் பயன்படும்.

நோட்டீஸ் வந்த பிறகு கம்பெனியைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, அப்பாவை பார்ட்னராக்கித் தன் பங்கை ஐந்து சதவீதமாக்குவது போன்ற யோசனைகளோடு வருகிறவர்களுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. தேதியைப் பார்த்ததும் நீதிபதிக்குப் புரிந்துவிடும். கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றத்தை ரத்து செய்யவும், ஜீவனாம்ச உரிமையைத் தெரிந்தே சொத்தை வாங்கியவரிடமிருந்து அதை வசூலிக்கவும் சொத்து மாற்றுச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. தம்பியும் சேர்ந்து கோர்ட் ஏற வேண்டி வரும்.

பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் தப்பலாமா என்றும் கேட்கிறார்கள். தனி உரிமைத் தொழிலில் கம்பெனியும் நீங்களும் சட்டப்படி ஒரே ஆள். ஜீவனாம்ச பாக்கிக்குக் கரன்ட் அக்கவுன்டையே முடக்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி தனி ஆள். அதன் மிஷினும் பேங்க் இருப்பும் அதனுடையவை. ஆனால் உங்கள் டைரக்டர் சம்பளம், டிவிடெண்ட், ஷேரின் மதிப்பு எல்லாம் உங்கள் கணக்கில்தான் நிற்கும். தொழில் வளர்ந்து, நிர்வாகத்துக்காக நல்ல காலத்திலேயே அப்படி மாற்றுவது நல்லது. சண்டைக்கு நடுவில் மாற்றுவதில் பயன் இல்லை.

கீழே கம்பெனி, மேலே வீடு என்றேனே, அதற்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்க மனைவிக்கு உரிமை உண்டு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேல்மாடியில் மனைவி இருக்க, கீழே ஐம்பது பேர் வேலை பார்க்கும் யூனிட்டின் வாசல் ஒன்றாக இருந்தால், தினமும் இரு தரப்புக்கும் நரகம். வேலையாட்கள் முன்னால் நடக்கும் சண்டையில் தொழிலும் நாசமாகும். முடிந்தவர்கள் யூனிட்டுக்குத் தனிக் கட்டடம் பாருங்கள். முடியாதவர்கள் தனி வாசலும் தனி மின் இணைப்பும் வையுங்கள்.

இதுவரை ஆண்கள் நடத்தும் தொழிலைப் பேசினேன். என் கிளையன்ட்களில் பெண்களும் உண்டு. அவர்கள் படும் பாடு வேறு மாதிரி. அவிநாசிப் பக்கம் ஒரு பெண், படிப்பு முடிந்ததும் மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வெளி வேலையை விட்டுவிட்டு "நிர்வாகம் பார்க்கிறேன்" என்று வந்தார். பேங்க்கில் கையெழுத்து உரிமை அவருக்கும் போனது. பிராண்டின் பெயரை அவர் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்தார். பிரிவு வந்தபோது "நான்தான் முதலாளி, அவ பேருக்கு இருந்தா" என்றார். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன் எடுத்த உணவுப் பாதுகாப்பு உரிமமும், அந்தக் காலத்துப் பில் புத்தகமும். இந்துப் பெண்ணின் சொத்து அவளுக்கு முழு உரிமையுள்ளது என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. ஆனால் சொத்து அவளுடையது என்பதைக் காட்டக் காகிதம் வேண்டுமே. பெண்களுக்கு நான் வேண்டிக் கேட்பது: செக்கில் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமையைக் கணவருக்குக் கொடுக்காதீர்கள், பிராண்ட் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவர் வேலை செய்தால் சம்பளம் கொடுங்கள், கணக்கில் எழுதுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-வது பிரிவுகளில் மனைவியிடமிருந்து கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மறுபக்கம், கணவனின் தொழிலுக்காக எந்தக் காகிதமும் இல்லாமல் உழைத்த மனைவிக்கு என்ன வழி? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சொத்து வழக்கில் கொடுத்த தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். சவூதியில் சம்பாதித்து அனுப்பிய கணவனின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார் அவர். மனைவியின் வீட்டு வேலை இல்லாமல் கணவன் சம்பாதித்திருக்க முடியாது என்பது அவர் காட்டிய காரணம். இது ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. நாடாளுமன்றம் எழுதிய சட்டம் இல்லை. கல்யாணத்துக்கு முன் தொடங்கிய தொழிலுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் கல்யாணத்துக்குப் பின் அந்தத் தொழில் லாபத்தில் வாங்கிய சைட், வீடு என்று வரும்போது இதை வைத்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்கட்டும்.

அதற்காகக் கணவன் எவ்வளவு வளர்ந்தாலும் அதற்குச் சமமாகக் கேட்கலாம் என்றும் இல்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் பங்கஜ் மித்தலும் ஒரு பெரும் பணக்காரரின் வழக்கில், ஜீவனாம்சம் என்பது இருவர் செல்வத்தையும் சமமாக்கும் வழி இல்லை என்றார்கள். பிரிந்த பிறகு கணவன் ஏழையாகிவிட்டால் அப்போதும் மனைவி சமமாக்கச் சொல்வாரா என்று கேட்டார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு 12 கோடி கிடைத்தது. கௌரவமாக வாழத் தேவையானது கிடைக்க வேண்டும், அதற்கு மேல் பழிவாங்கலுக்கு இடமில்லை என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே தொகையாகப் பேசி முடிப்பது நல்லது. மாதா மாதம் பணம் போட்டுக்கொண்டிருந்தால் காயம் ஆறாது, வருமானம் மாறும்போதெல்லாம் புது மனு வரும். முதல் மனுவின்போது பாதி, இறுதி உத்தரவின்போது மீதி என்று பிரித்துக் கொடுத்தால் தொழிலின் நடைமுறை மூலதனம் பாதிக்கப்படாது. ஒரே தொகையாக வருவது வரிக்கு உட்பட்ட வருமானம் ஆகாது, மாதாமாதம் வருவது ஆகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1983-இல் சொன்னதை வைத்துத்தான் நாங்கள் ஆலோசனை சொல்கிறோம். கொடுக்கிறவருக்கு இரண்டிலுமே வரிச் சலுகை கிடையாது. கம்பெனிச் செலவில் எழுதவும் முடியாது.

ஒப்பந்தம் எழுதும்போது எல்லோரும் மறப்பது பேங்க் ஜாமீன். கம்பெனி லோனுக்கு மனைவி கியாரண்டர் கையெழுத்துப் போட்டிருப்பார், எங்கே போட்டோம் என்பதுகூட நினைவிருக்காது. விவாகரத்துத் தீர்ப்பு பேங்க்கைக் கட்டுப்படுத்தாது. கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. இரண்டாம் கல்யாணம் செய்து வேறு ஊரில் வாழும் பெண்ணுக்கு முன்னாள் கணவனின் கடனுக்காக பேங்க் நோட்டீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் சிபில் மதிப்பெண் சரிந்திருப்பது தெரிந்து அழுதார். தொடர் ஜாமீனாக இருந்தால், இனிமேல் கொடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று பேங்க்குக்கு நோட்டீஸ் கொடுத்து விலக ஒப்பந்தச் சட்டத்தின் 130-வது பிரிவு இடம் தருகிறது. ஏற்கெனவே இருக்கும் கடனுக்கு, கணவன் வேறு ஜாமீன் கொடுத்து மனைவியை விடுவித்ததாக பேங்க்கின் எழுத்து வரும்வரை இறுதி மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ஜாப் ஒர்க் யூனிட்காரரின் வழக்கு மீடியேஷனில் முடிந்தது. நகைக்கு ஈடான தொகையை முதலில் ஒப்புக்கொண்டார். அதை ஒப்புக்கொண்ட பிறகு மற்றப் பேச்சு சுலபமாயிற்று. யூனிட் அவரிடமே இருக்கிறது, ஒரு மிஷின்கூட விற்கவில்லை.

இதைப் படிக்கும் தொழில்காரர்களுக்கு, வீட்டில் எந்தச் சண்டையும் இல்லாதவர்களுக்குத்தான் முக்கியமாக, ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு முந்தைய மார்ச் மாதத்துப் பேலன்ஸ் ஷீட்டைத் தேடி எடுத்து ஒரு நகல் பத்திரப்படுத்துங்கள். வருகிற மார்ச் 31 கணக்கு முடியும்முன் உங்கள் ஆடிட்டரை உட்கார வைத்து, மனைவியிடமிருந்து தொழிலுக்கு வந்த நகை, பணம், சம்பளம் எல்லாவற்றையும் அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தை மனைவிக்கும் காட்டுங்கள்.